சீட்டில் வந்த சோழநாடு

விளையாட்டுதானே என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. என் தம்பியின் பிள்ளைகள் லீவுக்கு வந்தால் கணினியில் ராஜ்ஜியம் பிடிக்கும் ஆட்டம் ஆடுவார்கள். யாருக்கு ரோமாபுரி, யாருக்குப் பாரசீகம், யாருக்கு எகிப்து என்று ஆட்டம் தொடங்கும் முன்பே அடிதடி தொடங்கிவிடும். அவர்களுடைய அம்மா வந்து, "விளையாட்டுதானே, விட்டுக் குடுடா" என்பாள். எப்போதும் சின்னவனிடம்தான் சொல்வாள். அப்போதெல்லாம் நான் எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவேன். அத்தைக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. கணினியெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே எனக்கும் ஒரு ராஜ்ஜியம் கிடைத்துப் பறிபோயிருக்கிறது. அது அவர்களுக்குத் தெரியாது.

அப்போது நான் ஐந்தாவது முடித்திருந்தேன். எங்கள் ஊர் கூத்தாநல்லூரிலிருந்து கொஞ்ச தூரத்தில், கோரையாற்றை ஒட்டி இருந்தது. எங்கள் தெருவை வேதக்காரத் தெரு என்பார்கள். தெருக்கோடியில் ஓடு போட்ட சின்ன லுத்தரன் கோயில் உண்டு. தெருவில் இருந்த அத்தனை பேரும் பெரிய வீட்டுப் பண்ணையில் வேலை பார்த்தவர்கள்தான். அப்பா மட்டும் பண்ணை வேலையோடு, அவர்களுடைய நிலத்தில் ஒரு துண்டைக் குத்தகைக்கும் உழுதுவந்தார். அது தாத்தா காலத்திலிருந்து வந்த ஏற்பாடு. எழுத்து எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். அறுப்பு முடிந்ததும் பெரிய வீட்டுக்கு உரியதைக் களத்திலேயே அளந்து கொடுத்துவிட்டு மிச்சத்தை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார்.

அந்தக் கோடையில் ஊரெல்லாம் ஒரே பேச்சு. குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரைச் சர்க்கார் எழுதிக்கொள்ளப் போகிறதாம். எழுதிவிட்டால் நினைத்தபோது வெளியேற்ற முடியாதாம். டீக்கடையில் கறுப்பு சிவப்புத் துண்டு போட்டவர்கள், இது நாங்கள் கொண்டுவந்த சட்டம் என்றார்கள். சிவப்புத் துண்டு மட்டும் போட்டவர்கள், இது நாங்கள் அடிபட்டு வாங்கிய சட்டம் என்றார்கள். பெரிய வீட்டில் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைக் கண்டுதான் எங்கள் தெரு பயந்தது. நான் பயப்படவில்லை. பள்ளிக்கூடம் மூடியிருந்ததில் எனக்கு வேறு கவலையே இல்லை.

ஒருநாள் காலையில் பெரிய வீட்டுக் கணக்குப்பிள்ளை சைக்கிளை எங்கள் வாசலில் நிறுத்தினார். வழக்கமாகத் தெருமுனையிலேயே நின்று குரல் கொடுப்பவர்.

"ஐயா உன்னை வரச் சொன்னாங்கப்பா" என்றார் அப்பாவிடம். பிறகு என்னைப் பார்த்து, "பாப்பாவையும் கூட்டிக்கிட்டு வா. தஞ்சாவூர்லேர்ந்து பேரப்புள்ளைங்க வந்துருக்கு. என்னமோ புது விளையாட்டாம், ஆடறதுக்கு ஆள் பத்தலையாம். இவதான் நல்லாப் படிக்கிறவளாமே" என்றார்.

அவர் போனபின் அம்மா, "இவளை எதுக்காம்?" என்று கேட்டாள்.

"வெளையாடத்தான்" என்றார் அப்பா.

"நம்ம புள்ளை அங்க போயி வெளையாடுறதுக்கா? மாட்டுக்கொட்டகையத் தாண்டி நான் ஒருநாளும் போனதில்லை."

அம்மா அதற்கு மேல் கேட்காமல் என் தலையில் எண்ணெய் வைத்து, கிறிஸ்துமஸுக்கு எடுத்த பாவாடையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டாள். நல்லாப் படிக்கிறவள் என்று கணக்குப்பிள்ளை சொன்னது என் காதில் இனித்துக்கொண்டே இருந்தது. பெரிய வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்றால் அது என் படிப்புக்காகத்தான் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

பெரிய வீட்டில் கொல்லை வழியாகப் போகத் திரும்பிய எங்களை, "இப்புடி வா, இப்புடி" என்று முன்வாசலுக்கே கூப்பிட்டார்கள். பண்ணைக்குச் சொந்தக்காரரான பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "வாப்பா" என்றார். அப்பாவை அவர் எப்போதும் "வாடா" என்றுதான் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவரை ஓரத்து அறைக்குள் கூட்டிப் போனார்கள். என்னைக் கூடத்துக்குள் அனுப்பினார்கள்.

கூடத்துத் தரை வழுவழுவென்று குளிர்ந்து கிடந்தது. பெரியவரின் மகள் அங்கே காத்திருந்தார். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவர். ஊரில் அவரைக் காலேஜம்மா என்பார்கள். கண்ணாடி போட்டிருந்தார், சிரித்த முகம். "வாம்மா, வந்து உக்காரு" என்று தன் பக்கத்திலேயே இடம் காட்டினார். அவருடைய மகன் என்னைவிட ஒரு வயது பெரியவன். அவன் தங்கைக்கு ஆறு வயது இருக்கும். கணக்குப்பிள்ளையின் மகளும் இருந்தாள். என் வகுப்பில் படிப்பவள்தான், ஆனால் அன்றைக்கு என்னைத் தெரியாதவள் போல உட்கார்ந்திருந்தாள்.

விளையாட்டைக் காலேஜம்மாவே செய்திருந்தார். பெரிய வெள்ளை அட்டையில் தமிழ்நாட்டின் படம். நீல மையில் காவிரி, கொள்ளிடம், வெண்ணாறு என்று எல்லாம் பிரிந்து பிரிந்து கடலுக்குப் போயின. வட்டம் வட்டமாக ஊர்கள்: தஞ்சை, குடந்தை, ஆரூர், நாகை. ஆளுக்கு ஒரு ராஜ்ஜியம். சோழிகளை உருட்டி, விழுகிற எண்ணிக்கைக்குத் தக்கபடி படையை நகர்த்த வேண்டும். புளியங்கொட்டைதான் படை. ஒரு வட்டத்தில் யாருடைய கொட்டை அதிகமோ ஊர் அவர்களுக்கு. தீக்குச்சியில் ஒட்டிய காகிதக் கொடிகளும் இருந்தன. சோழருக்குப் புலி, பாண்டியருக்கு மீன், பல்லவருக்கு நந்தி. களப்பிரருக்குக் கொடி இல்லை, வெறும் குச்சி.

"இவங்கல்லாம் ஒரே காலத்துல இருந்தவங்க இல்ல. விளையாட்டுக்காகச் சேத்துருக்கேன்" என்றார் காலேஜம்மா. "யாருக்கு எந்த ராஜ்ஜியம்னு சீட்டு எடுத்துக்கலாம். வந்தது வந்ததுதான், அப்பறம் மாத்தக் கூடாது."

இந்தக் கடைசி வார்த்தையை நான் மறக்கவே இல்லை.

டம்ளரில் மடித்துப் போட்ட சீட்டுகளைக் குலுக்கி நீட்டினார். சின்னத் தங்கைக்குப் பல்லவர். கணக்குப்பிள்ளை மகளுக்குப் பாண்டியர். நான் என் சீட்டைப் பிரித்தேன். சோழர் என்று எழுதியிருந்தது. காலேஜம்மா புலிக்கொடியை என் கையில் கொடுத்தார். புலி கொஞ்சம் பூனை மாதிரித்தான் இருந்தது. ஆனாலும் தஞ்சாவூரிலிருந்து நாகைவரை அத்தனை வட்டமும் எனக்கு. நீலக்கோடுகள் எல்லாம் என்னுடையவை. அந்தக் குச்சியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு மூச்சு விடவே தோன்றவில்லை.

காலேஜம்மாவின் மகனுக்கு மிஞ்சியது களப்பிரர்.

"இவங்க பாடத்துலயே ஒரு வரிதான் இருக்காங்க. எனக்கு வேணாம். எனக்குச் சோழர்தான் வேணும்" என்றான்.

"சீட்டுல வந்தா வந்ததுதான்" என்றார் அவன் அம்மா.

அவன் கண்ணீர் இல்லாமல் அழத் தொடங்கினான். சத்தம் மட்டும் நன்றாக வந்தது. ஓரத்து அறையிலிருந்து பெரியவர் எழுந்து வந்தார்.

"யாருக்கு வந்துருக்கு சோழன்?"

கணக்குப்பிள்ளையின் மகள் என்னைக் கை காட்டினாள். பெரியவர் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. சிரித்தார்.

"இது என்ன கூத்து? சோழநாடு நம்ம நாடு. அவன்கிட்ட மாத்திக் குடும்மா" என்று மகளிடம் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் திரும்பிப் போய்விட்டார்.

அந்த 'நம்ம'வில் நான் சேர்த்தி இல்லை என்பது அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. நானும் அதே ஆற்றில்தான் குளித்தேன். அதே ஆற்றுத் தண்ணீரைத்தான் அப்பா அவர்கள் வயலுக்கும் எங்கள் வயலுக்கும் திருப்பிவிட்டார். பிறகு எப்படி அது அவர்களுக்கு மட்டும் நம்ம நாடு ஆயிற்று? கேட்கத் தெரியவில்லை. காலேஜம்மா கேட்பார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

"விளையாட்டுதானேம்மா. அண்ணன் பாவம், மாத்திக்கயேன்" என்றார் என்னிடம்.

விளையாட்டுதானே என்றால் அதை அவனிடம் ஏன் சொல்லவில்லை? அழுதது அவன். அழாமல் இருந்தது நான். அழுகிறவனுக்கு அது ராஜ்ஜியம், எனக்கு மட்டும் அது விளையாட்டா? இத்தனையும் எனக்குள் கொதித்துக்கொண்டிருந்தபோதே அவன் என் கையிலிருந்து புலியைப் பிடுங்கிக்கொண்டான். வெறும் குச்சி என் முன்னால் வந்து விழுந்தது.

"களப்பிரர்னா யாரும்மா?" என்று கேட்டேன்.

காலேஜம்மாவுக்குப் பாடம் சொல்ல ஒரு கேள்வி கிடைத்ததில் நிம்மதி வந்துவிட்டது. "எங்கேர்ந்து வந்தாங்கன்னு சரியாத் தெரியலம்மா. பழைய ராஜாக்கள் தானமாக் குடுத்துருந்த நெலத்தையெல்லாம் பறிச்சுக்கிட்டாங்க. அதனால அந்தக் காலத்த இருண்ட காலம்னு சொல்லுவாங்க" என்றார்.

விளக்கு இல்லாத காலம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். எங்கள் தெருவுக்கு அப்போது மின்சாரம் வந்திருக்கவில்லை. அதனால் அது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை.

ஆட்டம் தொடங்கியது. களப்பிரருக்குச் சொந்த ஊர் கிடையாது என்பதால் ஒரேயொரு சலுகை வைத்திருந்தார் காலேஜம்மா. அவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் உள்ளே நுழையலாம். நான் கோபத்தில் நேராகச் சோழநாட்டுக்குள் நுழைந்தேன். பாண்டிய நாடும் பல்லவ நாடும் எனக்கு எதற்கு? எனக்கு வந்த நாடு எனக்கு வேண்டும்.

சோழிகள் அன்று என் பேச்சைக் கேட்டன. முதலில் நாகை விழுந்தது. பிறகு ஆரூர். பல்லவப் பேரரசியான சின்னத் தங்கைக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது. "எனக்குத் தூக்கம் வருது, நீயே வச்சுக்க" என்று தன் படை முழுவதையும் என் மடியில் கொட்டிவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டாள். அந்தக் கொட்டைகளையும் சேர்த்துக் குடந்தையைப் பிடித்தேன். கணக்குப்பிள்ளையின் மகள் தன் பாண்டியர்களை மதுரையை விட்டு அசைக்கவே இல்லை. பெரிய வீட்டுப் பிள்ளையை எதிர்த்து ஒரு கொட்டையைக்கூட நகர்த்த அவளுக்குத் துணிவில்லை.

கடைசியில் தஞ்சை மட்டும் மிச்சம். அதைச் சுற்றி என் புளியங்கொட்டைகள். இன்னும் ஓர் உருட்டல். நான் சோழிகளைக் கையில் எடுத்தபோது அவன் எழுந்து நின்று, "தாத்தா" என்று வீடே அதிரக் கத்தினான்.

பெரியவர் மறுபடியும் வந்தார். இந்த முறை முகத்தில் சிரிப்பு இல்லை. உள்ளே அவருக்கு ஏதோ முக்கியமான வேலை பாதியில் நின்றுவிட்டது என்பது அவர் வந்த வேகத்தில் தெரிந்தது.

"இன்னும் முடியலையா உங்க சண்டை?" என்றார். அட்டையைப் பார்த்தார். "களப்பிரனை அப்பறம் பாண்டியன் வந்து தொரத்துனான் இல்ல? நெலத்தையெல்லாம் அவங்கவங்களுக்குத் திருப்பிக் குடுத்தான் இல்ல? நீதானே சொல்லுவ?"

"ஆமாப்பா, செப்பேட்டுல இருக்கு. ஆனா இந்த ஆட்டத்துல..."

"இருக்குல்ல? அதைச் சேத்துக்க."

காலேஜம்மா என் முகத்தைப் பார்க்காமல், "சரி, இப்ப ஒரு புதுச் சட்டம். பாண்டியர் வந்துட்டாங்க. களப்பிரர் புடிச்ச ஊரெல்லாம் பழையவங்களுக்கே போயிடுது" என்று சொல்லி, நாகையிலிருந்தும் ஆரூரிலிருந்தும் என் கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். மதுரையை விட்டு நகராத பாண்டியர் எப்போது வந்தார்கள்? கணக்குப்பிள்ளையின் மகளே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"ஆட்டத்துக்கு நடுவுல சட்டம் மாத்தக் கூடாது. நீங்கதான சொன்னீங்க" என்றேன்.

அந்த வீட்டில் எங்கள் தெருக்காரர் யாரும் அப்படி உரக்கப் பேசியிருக்க மாட்டார்கள். பேசியபின்தான் எனக்கே கேட்டது. அவன் புலிக்கொடியைக் குடந்தையில் நட்டான். அதோடு என்னால் தாங்க முடியவில்லை. கையில் இருந்த சோழிகளை அட்டைமேல் வீசிவிட்டு, வாய்விட்டு அழுதபடி எழுந்து ஓடினேன்.

வாசலுக்குப் போகும் வழியில் ஓரத்து அறையின் கதவு திறந்திருந்தது. அப்பா உள்ளே நின்றிருந்தார். எதிரே வரிசையாக ஊர்ப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு முக்காலியில் பித்தளைத் தாம்பாளம். அதன்மேல் புத்தம்புதிதாக, ஓரமெல்லாம் பொன் மினுங்க, ஒரு வேதப்புத்தகம். பூசையறையும் குத்துவிளக்கும் இருக்கிற வீட்டில் எங்கள் வேதத்துக்கு என்ன வேலை என்று அழுகையிலும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒருவேளை எனக்குப் பரிசு கொடுக்க வைத்திருக்கிறார்களோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். நினைத்ததும் இன்னும் கோபம் வந்தது. சோழநாட்டைப் பிடுங்கிக்கொண்டு பரிசு என்ன பரிசு?

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் வந்து நின்ற பெரியவரைப் பார்த்தார்.

"புள்ளை ரொம்ப அழுவுதுங்கய்யா. வூட்டுல வுட்டுட்டு வந்துடறேன்" என்றார்.

"அழுதா அழட்டும். சொல்ல வேண்டியதச் சொல்லிட்டுப் போ. ஒரு வார்த்தைதானே."

நான் இன்னும் உரக்க அழுதேன். கூடத்தில் தூங்கிப்போயிருந்த சின்னத் தங்கை விழித்துக்கொண்டு அவளும் சேர்ந்து அழ ஆரம்பித்தாள். அப்பா தரையைப் பார்த்தபடி, "இந்தா வந்துடறேங்கய்யா" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்து என் கையைப் பிடித்தார். அவர் உள்ளங்கை நனைந்திருந்தது.

அன்று அந்த அறையில் என்ன நடந்தது என்பதை, நான் நர்ஸ் படிப்பு முடித்து வேலைக்குப் போனபின் ஒருநாள் அம்மா சொன்னாள். மறுநாள் தாலுகா அதிகாரிகள் ஊருக்குப் பெயர் எழுத வர இருந்தார்கள். நான் வெறும் கூலியாள், குத்தகைக்காரன் இல்லை என்று அப்பா வேதத்தின்மேல் கை வைத்து ஊரார் முன்னால் சத்தியம் செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் கூப்பிட்டிருந்தார்கள். வேறு எதையும் அப்பா மீறிவிடக்கூடும், வேதத்தின்மேல் சொன்னதை மீற மாட்டார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்காகவே திருவாரூருக்கு ஆள் அனுப்பிப் புத்தகம் வாங்கியிருக்கிறார்கள். மகள் கூடத்தில் தங்கள் பேரப்பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருக்கும்போது தகப்பன் எப்படி மறுப்பான் என்றும் யோசித்திருக்கிறார்கள். நல்லாப் படிக்கிறவள் என்று என்னைக் கூப்பிட்டது அதற்குத்தான். காலேஜம்மாவுக்கு இது தெரியுமா என்று அம்மாவைக் கேட்டேன். தெரியாது என்றாள் அம்மா. காலேஜம்மாவுக்குத் தெரியாது என்றாளா, தனக்குத் தெரியாது என்றாளா என்பது எனக்கு இன்றுவரை தெளிவாகவில்லை.

அன்று எனக்கு இவை எதுவும் தெரியாது. அப்பா பெரிய மனிதர்களையெல்லாம் அப்படியே உட்கார வைத்துவிட்டு வந்தது எனக்கு நடந்த அநியாயத்துக்காகத்தான் என்று நம்பினேன். வரப்பில் நடந்தபடியே ஒன்று விடாமல் சொன்னேன். சீட்டு எடுத்தது, புலி பறிபோனது, பாண்டியர் வராமலே வந்தது. அப்பா "ம்" கொட்டினார். அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டார். வீட்டுக்குப் போகும் வரப்பில் திரும்பாமல் ரோட்டில் ஏறி, கூத்தாநல்லூர் பஸ்ஸை நிறுத்தினார்.

பஸ் ஏறி நான் கடைத்தெருவுக்குப் போவதே அபூர்வம். ஒரு கடையில் உட்கார வைத்து எனக்கு நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தார். அவர் எதுவும் குடிக்கவில்லை. சர்பத் தீர்ந்து, கடைக்காரர் இரண்டு முறை மேசையைத் துடைத்துவிட்டுப் போனபிறகும் அப்பா எழுந்திருக்கவில்லை. எங்களைத் தேடி வேதக்காரத் தெருவுக்கு ஆள் வந்திருப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னைச் சமாதானப்படுத்தத்தான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். அதனால் சமாதானம் ஆகாமல் விறைப்பாக இருந்தேன்.

"நீ போயிக் கேக்கணும்ப்பா. அது எனக்கு வந்தது. அவங்க புடுங்கிக்கிட்டாங்க" என்றேன்.

"நாளைக்குக் காலைல போயிக் கேக்கறேன்" என்றார் அப்பா.

"பயப்படாமக் கேப்பியா?"

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கேக்கறேன்" என்றார்.

ஊர் அடங்கியபின்தான் வீடு திரும்பினோம். மறுநாள் அப்பா விடியும் முன்பே குளித்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டுகிற வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். அம்மா வாசலில் நின்று அவர் போகும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் அடுப்பு பற்றவைக்கவில்லை. பழையதைப் போட்டு எனக்கும் தம்பிக்கும் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் அதிகாரிகள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். பெரிய வீட்டு ஆட்கள் கம்போடு வெளியே நிற்பதாகவும் சொன்னார்கள். சோழநாட்டைக் கேட்கப் போன இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

அப்பா பொழுது சாயும் நேரத்தில்தான் வந்தார். வேட்டி முழுக்கப் புழுதி. சட்டையின் தோள்பட்டை கிழிந்திருந்தது. அம்மா ஓடிப்போய் அவர் முகத்தையும் முதுகையும் தடவிப் பார்த்துவிட்டு அழுதாள். அந்த வருடக் குறுவைக்குப் பெரிய வீட்டிலிருந்து எங்கள் தெருவில் யாரையும் நடவுக்குக் கூப்பிடப் போவதில்லை என்பது அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கும். எனக்கு வேறு கவலை. அவர்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து நின்றேன்.

"கேட்டியாப்பா?"

"கேட்டேன்."

"குடுத்துட்டாங்களா?"

அப்பா திண்டாடினார். பிறகு குனிந்து என்னைத் தூக்கிக்கொண்டார். நான் தூக்குகிற வயதைத் தாண்டியிருந்தேன்.

"எழுதிக்கிட்டாங்க பாப்பா. பேரச் சொல்லி எழுதிக்கிட்டாங்க" என்றார்.

நான் இறங்கித் தெருவுக்கு ஓடினேன். தஞ்சையும் குடந்தையும் ஆரூரும் நாகையும், அத்தனை ஆறுகளும் என் பெயருக்கு எழுதியாகிவிட்டது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் சோழநாட்டைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.